கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்?

"அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று நாட்டுப்புறத்துப் பெரியவர் ஒருவரை வினவினால், அவர் பெரும்பாலும் மைல் கணக்கில் விடை பகர்வதில்லை. "கூப்பிடு தூரந்தான்" என்பார். "ஒரு நாழிகை நடக்க வேண்டும்" என்பார். "பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்" என்பார். தூரத்தைக் கேட்டவருக்கு அவர் நேரத்தைச் சொல்கிறார். இதை அறியாமை என்று எண்ணுதல் தவறு. இது நம் முன்னோர் கையாண்ட முறையான அளவையே. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவுக்கு 'நாழிகை வழி' என்று பெயர். ஏழரை நாழிகை வழி கொண்டது ஒரு காதம். இடத்துக்கு இடம் இவ்வளவை சற்றே மாறினாலும், ஒரு காதத்தைப் பத்து மைல் என்று கொள்வது பொது வழக்கு.

விவிலியத்திலும் இவ்விரு அளவைகளையும் காண்கிறோம். எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் ஊர் 60 ஸ்தாதியோன் தொலைவு என்று லூக்கா தம் நற்செய்தியில் எழுதுகிறார். அவரே திருத்தூதர் பணியில் ஒலிவ மலையைக் குறிப்பிடும்போது, அது ஓய்வுநாளில் நடக்கக் கூடிய தொலைவில் இருந்தது என்கிறார். முன்னது நிலத்தை அளந்த கணக்கு. பின்னது மனிதனின் நடையை அளந்த கணக்கு.

இவ்விரு கணக்குகளையும் மனத்திற் கொண்டு, நமக்கு நன்கு அறிமுகமான இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்?

வானத்தில் மூன்று நிமிடம்

வானவழித் தொலைவைக் காண்பது கடினமன்று. பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளே நிலவரைபடத்தைக் கொண்டு இதைக் கணக்கிட்டுவிடலாம். கடலூர் வட அட்சரேகை 11 பாகை 45 நிமிடத்தை ஒட்டியும், சிதம்பரம் 11 பாகை 24 நிமிடத்தை ஒட்டியும் அமைந்துள்ளன. இடையேயுள்ள வேறுபாடு 21 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோ மீட்டர். எனவே சிதம்பரம் கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 39 கி.மீ. தொலைவில் உள்ளது. தீர்க்கரேகையிலும் நான்கைந்து நிமிட வேறுபாடு உண்டு. ஆதலால் அது சுமார் 8 கி.மீ. மேற்கே தள்ளியும் இருக்கிறது. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு மூன்றாம் பக்கத்தைக் கண்டால், கிடைக்கும் விடை ஏறத்தாழ 40 கி.மீ.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் பயணிகள் விமானம் இத்தொலைவை மூன்றே நிமிடத்தில் கடந்துவிடும். நாம் ஒரு பரலோக மந்திரமும் சில மங்கள வார்த்தை மந்திரங்களும் சொல்லி முடிப்பதற்குள், கெடிலக் கரையிலிருந்து தில்லைக் கோபுரங்களுக்கு மேலே வந்து நிற்கலாம்!

ஆனால் அவ்வாறு செல்பவர் எவருமிலர். இவ்விரு ஊர்களிலும் விமான நிலையம் இல்லை. இருந்தாலும் பயனில்லை, விமானம் உயர எழும்பித் தன் முழு வேகத்தை அடைவதற்குள்ளாகவே ஊர் வந்துவிடும். ஆகவே அந்த மூன்று நிமிடம் கணக்கில் மெய். வாழ்க்கையில் யாருக்கும் உரியதன்று.

நிலத்தில் ஒன்றேகால் மணி

பேருந்தில் செல்வோருக்கு இத்தொலைவு 45 கி.மீ.க்கு மேல், ஆகும் நேரம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை. வழியில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் ஆகிய ஊர்கள் வருகின்றன. பரவனாறும் வெள்ளாறும் குறுக்கிடுகின்றன. மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்படுவோர் கெடிலத்தையும் கடந்தாக வேண்டும்.

முன்னாளில் பேருந்துகள் பி. முட்லூரிலிருந்து மேற்கே திரும்பி, புவனகிரியில் வெள்ளாற்றைக் கடந்து, பின்னர் சிதம்பரம் வந்தடைந்தன. பி. முட்லூரிலிருந்து நேரே தெற்கு நோக்கி வெள்ளாற்றின் மீது பாலம் அமைத்துப் புறவழிச் சாலை திறக்கப்பட்ட பின்னர் அந்தச் சுற்று மிச்சமாயிற்று. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு பாலம் அவற்றை அருகில் கொண்டுவந்தது.

இருப்புப்பாதையின் கதையும் இத்தகையதே. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை எனக் கடலோரமாகச் செல்லும் இப்பாதையில் விரைவு வண்டி ஏறக்குறைய முக்கால் மணியில் சிதம்பரம் சேரும். விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையேயுள்ள மீட்டர் பாதையை அகலப் பாதையாக்கும் பொருட்டு 2006-இன் இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2010-இல்தான் பயணிகள் வண்டி மீண்டும் ஓடியது. அந்த மூன்றாண்டுகளுக்கும் மேலாக, பரங்கிப்பேட்டை, கிள்ளை மக்கள் தம் ஊர் நிலையத்தில் வண்டி நிற்காத காலத்தைக் கண்டார்கள். ஒரு சல்லி தூரமும் கூடவில்லை; ஆயினும் சிதம்பரம் அவர்களுக்கு எட்டிப் போயிற்று.

நடந்து செல்வோரும் இன்று இல்லாமற் போகவில்லை. ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் ஏறும் திருக்கொடியை எண்ணி, சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் காவி உடுத்து, மாதாவின் தேரை இழுத்துக்கொண்டு வரும் திருப்பயணிகள் இவ்வழியேதான் செல்கின்றனர். மூன்று காதத்தை நெருங்கும் இத்தொலைவு அவர்களுக்கு ஒன்றரை நாள் அல்லது இரண்டு நாள் நடை. விமானத்தின் மூன்று நிமிடமும், திருப்பயணியின் இரண்டு நாளும் ஒரே தூரத்தின் இரு கணக்குகளே.

ஐரோப்பாவில் இரு காட்சிகள்

நேர்க்கோட்டுத் தூரம் பயண நேரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதை மேலை நாட்டாரும் அறிவர். இலண்டனுக்கும் பாரிசுக்கும் வானவழியில் சுமார் 340 கி.மீ. விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடும். ஆயினும் 1994-இல் கடலுக்கு அடியில் 50 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது முதல், இரண்டேகால் மணிக்குச் சற்று மேலாக ஓடும் இரயிலையே மிகப் பலர் நாடுகின்றனர். காரணம் எளிது. விமான நிலையங்கள் ஊருக்கு வெளியே உள்ளன. அங்கே செல்லவும், சோதனைக்குக் காத்திருக்கவும், இறங்கிய பின் ஊருக்குள் வரவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் வேகமான ஊர்தி பின்தங்கிவிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரமே பயண நேரம்.

மற்றொன்றும் காண்க. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு சிறு தீவுகள் உள்ளன. இடைத்தூரம் மூன்று கி.மீ.க்கும் குறைவு. இத்துணைச் சிறு தொலைவுக்கு 1967 முதல் பயணிகள் விமானம் பறக்கிறது. உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் இதுவே. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இப்பயணம் ஆடம்பரத்துக்காக ஏற்பட்டதன்று. பள்ளிக்கு வரும் ஆசிரியரும், மருத்துவம் நாடும் நோயாளியும் கொந்தளிக்கும் கடலைக் கடந்தாக வேண்டுமே!

ஆறு பெருகினால்

நம் பகுதியிலும் நீர் குறுக்கிட்டால் தூரம் நீண்டுவிடுகிறது. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தின் நடுவிலும் கரையிலுமாகத் திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் முதலிய சிற்றூர்கள் உள்ளன. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படும் காலத்தில், 2018-லும் 2022-லும் நிகழ்ந்ததைப் போல, இவ்வூர்களை வெள்ளம் சூழ்ந்துகொள்ளும். நேற்று வரை சந்தைக்குச் சென்று திரும்பிய தொலைவை அன்று படகின்றிக் கடக்க இயலாது.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபோது, வேரோடு சாய்ந்த மரங்கள் சாலைகளை அடைத்தன. வெட்டி அகற்றி வழி உண்டாக்கும் வரை, பக்கத்து ஊரும் அயல்நாடுபோல் ஆயிற்று. அன்று ஒரு மணி நேரத் தூரம் என்று யாரேனும் சொல்லியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை.

யாருக்கு எவ்வளவு தூரம்?

இதுகாறும் ஊரையும் ஆற்றையும் பார்த்தோம். இனி, செல்பவர் யார் என்று பார்ப்போம். ஏனெனில் ஒரே நாளில், ஒரே சாலையில் செல்லும் இருவருக்கும் தூரம் ஒன்றாய் இருப்பதில்லை.

தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்ட பின்னர் கடலூரே நம் மாவட்டத்தின் தலைநகர். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகிறது. சிதம்பரத்துக்கும் அப்பால் 25 கி.மீ. தள்ளியிருக்கும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கைம்பெண் ஒருத்தி உதவித்தொகைக்காக மனுக் கொடுக்க வருவதாகக் கொள்வோம். விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, வரிசையில் நின்று, இருட்டிய பின் வீடு திரும்புகிறாள். அவளுக்குத் தூரம் என்பது ஒரு நாட்கூலி. மனுவில் ஒரு நகல் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டு நாட்கூலி.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் உண்டு. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985-இல் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. 2021-இல் அது கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. எனவே, மாவட்டத் தலைநகர் கடலூரில் இருக்க, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிதம்பரத்தில் இருக்கிறது. கடலூரிலேயே தலைமை மருத்துவமனை உண்டு. வடக்கே புதுவையில் ஜிப்மரும் உண்டு. ஆயினும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூரில் நள்ளிரவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது, எத்திசை நோக்குவது என்னும் வினா எழுகிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அந்த அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்குமுன் தலையைப் படமெடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. மாரடைப்பிலோ ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் உயிர். பாம்பு தீண்டியவரின் காலை இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும், மந்திரிக்கக் கொண்டு செல்வதும் கேடு. விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனையை அடைவதே காப்பு. இந்நோயாளிகள் எவருக்கும் 45 கி.மீ. என்பது வெறும் எண்ணன்று. தமிழகத்தில் 2008 முதல் 108 என்னும் எண்ணில் அழைத்தால் நோயாளர் ஊர்தி வருகிறது. ஆயினும் அந்த எண்ணை அழைக்க வீட்டார் தயங்கி நின்ற அரைமணியை எந்த ஊர்தியாலும் ஈடுகட்ட முடியாது. வீட்டு வாசலுக்குள்ளேயே கழிந்த நேரமும் பயண நேரத்தில் சேர்ந்ததுதான்.

நாளைப் போவேன்

ஆறும் சாலையும் அன்றி, மனிதரே உண்டாக்கும் தூரமும் ஒன்று உண்டு. சிதம்பரத்தைச் சொல்லிவிட்டு நந்தனாரைச் சொல்லாமல் இருக்க இயலாது. பெரியபுராணம் அவரைத் திருநாளைப்போவார் என்று அழைக்கிறது. கொள்ளிடக் கரைப் பகுதியிலுள்ள ஆதனூரில் பிறந்த அவருக்குத் தில்லை எட்டாத் தொலைவில் இருந்த ஊரன்று. ஆயினும் அவர் பிறந்த குலத்தைக் காட்டி உலகம் அவரை எல்லைக்கு வெளியே நிறுத்தியது. "நாளைப் போவேன்" என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லியே அவர் அப்பெயர் பெற்றார். கால்கள் ஒரு நாளில் நடந்துவிடும் தொலைவைச் சாதி ஓர் ஆயுளாக நீட்டியது.

அந்த நந்தனார் பெயரால் 1916-இல் சிதம்பரத்தில் கல்விக்கூடம் கண்டவர் சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பள்ளி வாசலை அடைவதற்குத் தடையாயிருந்த தூரத்தைக் குறைக்க அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். வெள்ளாற்றின் மீது எழுந்த பாலத்துக்கு இது எவ்வகையில் குறைந்தது? கிறிஸ்தவர்களாகிய நாமும் நம்மை வினவிக்கொள்ள வேண்டும். ஒரே பங்கில், ஒரே பீடத்தில் நன்மை வாங்குவோர், ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு மற்றவர் செல்ல எத்தனை காதம் கடக்க வேண்டியுள்ளது?

அலை வந்தது, செய்தி வரவில்லை

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நம் கடற்கரை மக்கள் மறவார். அன்று காலை 6.29 மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழ்கடலில் அலை ஏறத்தாழ விமானத்துக்கு நிகரான வேகத்தில் விரைந்தது. ஆயினும் வங்கக் கடல் அகலமானது. நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளைக்கு அப்பால் வரை கடலோரம் எங்கும் நீர் புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டு மணி நேரம்! மேட்டு நிலத்துக்கு நடந்து செல்ல அரைமணி போதுமே. அலைக்கு ஆன நேரம் இரண்டு மணி. செய்திக்கு ஆக வேண்டிய நேரம் சில நொடி. ஆனால் அச்செய்தியை அனுப்பவும் பெறவும் அமைப்பு எதுவும் அன்று இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்ட பின்னரே அக்குறை நீங்கிற்று.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, எகிப்துக்கு ஓடிப்போன வரலாறு. வானதூதர் எச்சரித்தார், சூசையப்பர் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை, இரவோடிரவாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். எச்சரிக்கை வந்து சேர்தல் ஒன்று. வந்ததும் எழுந்து புறப்படுதல் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தபோதுதான் அத்திருக்குடும்பம் பிழைத்தது. இன்றைக்கு எச்சரிக்கை வருகிறது. எழுந்து புறப்படும் கடமை நம்முடையது.

நம் பங்கில் நாம் செய்யத் தக்கவை

பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அரசின் பணி. ஆயினும் பயண நேரத்தில் ஒரு பகுதியைக் குறைப்பது ஒவ்வொரு பங்கின் கையிலும் உள்ளது. இரவு வேளையில் அவசரத்துக்கு ஊர்தி தரக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதிக் கோயில் வாசலிலும் கிளைச் சிற்றாலயங்களிலும் ஒட்டி வைக்கலாம். விஷமுறிவு மருந்து எங்கே உள்ளது, தலையைப் படமெடுக்கும் வசதி எங்கே உள்ளது என்பதை முன்னரே கேட்டறிந்து, ஞாயிறு அறிவிப்பில் ஆண்டுக்கு இருமுறை சொல்லலாம். மஞ்சக்குப்பத்துக்கு மனுக் கொண்டு செல்லும் ஏழையின் தாள்களை, எழுத்தறிந்த நம் இளைஞர் ஒருவர் புறப்படுமுன் சரிபார்த்துக் கொடுத்தால், அவருக்கு ஒரு நாட்கூலி மிச்சம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இவற்றைத் தம் வாராந்திரப் பணிகளில் சேர்த்துக்கொள்வது நன்று.

நோயிற்பூசுதலுக்கும் இது பொருந்தும். மூச்சுத் திணறும் கடைசி நேரத்தில் குருவானவரைத் தேடி ஆள் அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. நோயாளி நினைவோடு இருக்கும்போதே அழைப்பதுதான் திருச்சபையின் விருப்பம். குருவானவர் வரும் தொலைவைக் குறைக்க நம்மால் இயலாது. அழைக்கும் நேரத்தை முன்னதாக்க நம்மால் இயலும்.

மற்றொன்றையும் குடும்பத்தார் நினைவில் வைத்தல் வேண்டும். ஒன்றேகால் மணித் தூரத்தில் உள்ள ஊரில் தனித்திருக்கும் தாயையோ, விதவையான அத்தையையோ காண, "அடுத்த ஞாயிறு போவோம்" என்று நாளைத் தள்ளுகிறோம். நந்தனார் நாளைப் போவேன் என்றது போகவிடாதவர் இருந்ததால். நம்மைத் தடுப்பவர் யார்?

நாசரேத்திலிருந்து யூதேயாவின் மலைநாட்டுக்கு மூன்று நான்கு நாள் நடை. வழியில் குன்றுகளும் ஓடைகளும் உண்டு. வயது முதிர்ந்த எலிசபெத்து ஆறு மாதக் கர்ப்பவதி என்று அறிந்தவுடன் மரியன்னை புறப்பட்டார்கள். அந்தத் தூரம் எவ்வளவு என்று லூக்கா எழுதவில்லை. அன்னை விரைந்து சென்றார்கள் என்று மட்டுமே எழுதினார். கடலூரிலோ சிதம்பரத்திலோ நமக்காகக் காத்திருப்பவர் ஒருவர் இருப்பாரானால், நாமும் இன்றே புறப்படுவோமாக.